பைன் மரத்து மயிர்க்கொட்டி

எனக்கு நாய் என்றால் பயம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பத்து வயதில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அதற்காகத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை என் வயிறு இன்னும் மறக்கவில்லை. பாரிசுக்கு வந்து முப்பது வருடமாகியும் எதிரே ஒரு நாய் வந்தால் நான் வீதியின் மறுபக்கம் போய்விடுவேன். எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் கடைவாசல் மரக்கறிப் பெட்டிகளுக்கும் சனத்துக்கும் நடுவே மாற இடமில்லாவிட்டால், பக்கத்துக் கடைக்குள் ஏறி வேண்டாத வெண்டிக்காயை விலை கேட்டுக்கொண்டு நிற்பேன். கடைக்காரருக்கு விஷயம் தெரியும். "அக்கா, நாய் போயிட்டுது, இனி நீங்கள் போகலாம்" என்பார்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் மகள் ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டாள். கேட்டுச் செய்யவில்லை. லியோனில் வேலை செய்கிறவள், ஒரு சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பை, மறு கையில் மண்ணிறத்தில் பதினான்கு கிலோ நாய். கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடத்திலிருந்து எடுத்ததாம். வயது ஏழோ எட்டோ, நெஞ்சில் கொஞ்சம் கோளாறு, மற்றபடி தங்கமான பிள்ளையாம். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். என் மனுசன் இருபத்தேழு வருடம் ஒரே உணவகத்தின் குசினியில் நின்றவர். அந்த உணவகம் மூடியதும் வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சவரம் இல்லை, பேச்சு இல்லை, எதைக் கேட்டாலும் "ஓம்" அல்லது "இல்லை". எதிரே இருக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். வைத்தியர் கொடுத்த குளிசைகளைப் போட்டால் தூங்குவார், எழும்பினால் மறுபடியும் சுவர்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது யன்னல் அகலத் திறந்திருந்தது. மார்கழிக் குளிர். அவர் கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருப்பது நாலாம் மாடி.

"ஏன் யன்னலைத் திறந்தனீங்கள்?"

"சும்மா."

அவ்வளவுதான் சொன்னார். நான் காலையிலும் மாலையிலும் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்கிறவள். அதற்குப் பிறகு எந்த மேசையைத் துடைத்தாலும் அந்தத் திறந்த யன்னல்தான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வரும்போது தெருமுனையில் சனம் கூடி நின்றால் என் கால்கள் நகராது.

நாய் வந்ததும் அவர் எழும்பினார். முதலில் வேறு வழியில்லாமல்தான்: கீழே கொண்டுபோகாவிட்டால் அது கம்பளத்தில் மூத்திரம் பெய்துவிடும். ஒரு நாளுக்கு மூன்று தரம் நாலு மாடி இறங்கி ஏறினார். பிறகு சவரம் செய்தார். பிறகு நாய் செய்த குழப்படிகளை எனக்குச் சொல்லத் தொடங்கினார். மகள் அதற்கு வைத்த பிரெஞ்சுப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, "தம்பி" என்று கூப்பிட்டார். மனுசர் பெயரை நாய்க்குச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யன்னல் மூடியே இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அது ஹோலில், நான் குசினியில் என்று ஒரு வருடம் ஓட்டினோம். அதை நான் ஒரு விரலாலும் தொடவில்லை.

மாசி மாதம் ஒரு மழை நாளில் மெத்ரோப் படியில் வழுக்கி அவர் முழங்காலை உடைத்துக்கொண்டார். ஆறு கிழமை மாவுக்கட்டு. எங்கள் கட்டிடத்தில் லிப்ட் இல்லை. மகளுக்கு லீவு இல்லை. நாயை யார் கொண்டுபோவது? நான் இரண்டு நாள் கேட்காததுபோல் இருந்தேன். நாய் அவருடைய கட்டுப்போட்ட காலடியில் படுத்து முனகியது. மூன்றாம் நாள் பார்த்தேன், அவர் கதிரையில் இருந்தபடி மறுபடியும் சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "அந்த நாய் வாரைத் தாங்கோ" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். உடனே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

"இஞ்சாரும், வடிவாக் கேளும். முதலாவது, வாரை ஒரு நாளும் அவிழ்க்காதையும். ரெண்டாவது, பாதையை விட்டு மரங்களுக்குள்ளை இறங்காதையும். மூண்டாவது, உம்மடை கண் அவன்ரை வாயிலை இருக்கவேணும். கீழை கிடக்கிற எல்லாத்தையும் மணந்து நக்கிப் பாப்பான்."

"அவன் எண்டு சொல்லாதையுங்கோ. அது நாய்."

"சரி, நாய். பூங்காவுக்குள்ளை போனதும் வாய்க்கூட்டைக் கழட்டிவிடும். அதோடை அவனாலை ஒழுங்கா மூச்சு விடேலாது."

"கழட்டுறதோ? கடிச்சுதெண்டால்?"

"ஒரு வருசமா என்ரை கையிலை சாப்பிடுறான். ஒருக்காலும் கடிச்சதில்லை."

"உங்கடை கை வேறை, என்ரை கை வேறை" என்றேன்.

பூங்கா என்பது லா கூர்னெவ்வில் இருக்கும் பெரிய பூங்கா. வீட்டைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் நாய்க்கு மூச்சுவிட இடமில்லை என்று அவர் கிழமைக்கு இரண்டு தரம் அதை அங்கே கொண்டுபோவார். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறவேண்டும். ரயிலில் இந்த அளவு நாய்க்கு வாயில் கூடு மாட்டவேண்டும். மாட்டிவிடுவது அவர் வேலை. கழற்றுவது என் வேலை. நான் கழற்றவே இல்லை. மூன்று கிழமை அவரிடம் "ஓம், கழட்டினனான்" என்று பொய் சொல்லிக்கொண்டு, வாரை நீட்டிப் பிடித்து, ஏதோ வெடிகுண்டைக் கூட்டிப்போகிறவள்போல் நடந்தேன். எதிரே வேறு நாய் வந்தால் என்னுடைய நாய்க்குப் பின்னால் நான் ஒளிந்தேன். பூங்காவில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்றைக்கு யோசித்தால் அந்தப் பயம்தான் நாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நாலாம் கிழமை, பங்குனி மாதம், நல்ல வெயில். ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் பைன் மரங்கள் நிற்கும் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். பூச்சிபோல ஒரு படம், பக்கத்தில் நாய்த் தலை ஒன்று, கீழே நாலைந்து வரி பிரெஞ்சு. நான் வாசிக்கவில்லை. இந்த நாட்டில் பலகை என்றால் ஏதாவது ஒன்றைச் செய்யாதே என்று இருக்கும். மீன் பிடிக்காதே, நெருப்பு மூட்டாதே, புல்லில் நடக்காதே. நான் எதையும் செய்கிறவள் இல்லையே என்று கடந்து போய் வாங்கில் உட்கார்ந்தேன்.

நாய் என் முன்னால் நின்று, கூட்டுக்குள் தும்மியது. மறுபடியும் தும்மியது. மூக்கை முன்னங்காலால் தேய்த்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தது. அந்தக் கண்களைப் பார்க்க எனக்கு முதல் தடவையாகப் 'பாவம்' என்று பட்டது. சுற்றும் முற்றும் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காதுக்குப் பின்னால் இருந்த பூட்டைத் தடவித் திறந்தேன். கூடு கழன்றது. அது கடிக்கவில்லை. உடம்பை ஒரு தரம் சிலிர்த்து, தலையைக் கொண்டுவந்து என் முழங்காலில் வைத்தது. நான் காலை இழுக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனுசனுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது கனடாவிலிருந்து அக்கா போன் எடுத்தாள். அவளுடைய மகளின் கல்யாணத்துக்கு ரூ காய் தெருச் சேலைக் கடைகளில் என்ன சேலை வந்திருக்கிறது என்று கேட்டாள். வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கதைத்தேன். கண் வாயில் இருக்கவேண்டும் என்ற மூன்றாவது பாடம் எங்கே போனதோ. மூன்று நிமிடம் கதைத்திருப்பேன், நாலு நிமிடம் இருக்கலாம்.

நாய் ஒரு சத்தம் போட்டது. குரைப்பில்லை, முனகலில்லை, அதுவரை நான் கேட்காத ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். பைன் மரத்தடியிலிருந்து பாதையின் குறுக்கே மண்ணிறக் கயிறு ஒன்று கிடந்தது. கயிறு அசைந்தது. ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு வரிசையாக ஊர்ந்துபோகும் கம்பளிப் புழுக்கள், மயிர்க்கொட்டிகள்! வரிசை நடுவில் குழம்பிக் கிடந்தது. நாய் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக முன்னங்கால்களால் முகத்தை அறைந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது.

"ஐயோ கடவுளே!" என்று கத்திவிட்டேன். போன் கையிலிருந்து விழுந்தது.

ஆனால் உள்ளுக்குள் ஒரு தைரியமும் வந்தது, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மயிர்க்கொட்டிதானே! எனக்கா மயிர்க்கொட்டி தெரியாது? எங்கள் வளவில் ஐந்து முருங்கை நின்றது. மாரி வந்தால் மரம் முழுக்க மயிர்க்கொட்டி. கழுத்திலும் முதுகிலும் விழாத வருடம் கிடையாது. விழுந்தால் அம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, தோல் சிவக்கும்வரை அழுத்தித் தேய்ப்பார். மயிர் சாம்பலோடு வந்துவிடும், அரிப்பு அடங்கிவிடும். தண்ணீர் மட்டும் படக்கூடாது, பட்டால் பரவும் என்பார். இவ்வளவும் ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. சாம்பலுக்கு எங்கே போவது? கைப்பையில் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் எப்போதும் வைத்திருப்பேன். பிரித்தேன். முதலில் அதன் நெற்றியில் ஒரு கீறு இழுத்தேன். பிள்ளையாரே, என் மனுசனின் நாய், காப்பாற்று என்றேன். பிறகு மிச்சம் முழுவதையும் கையில் கொட்டி, அதன் வாயைத் திறந்து, நாக்கைப் பிடித்துத் தேய்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வருடமாக ஒரு விரலால் தொடாதவள், பல்லுக்குள் ஐந்து விரலையும் விட்டேன். அது கடிக்கவில்லை. உடம்பெல்லாம் நடுங்க, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், நான் தேய்க்கத் தேய்க்க அழுதுகொண்டு நின்றது. நான் நன்மைதான் செய்கிறேன் என்று நம்பியிருக்கவேண்டும்.

ஓடிவந்த ஒரு பெண் எங்களைக் கண்டதும் நின்றாள். கையை ஆட்டிக் கத்தினாள்.

"நோன், மடாம்! நு ஃப்ரொத்தே பா! நு ஃப்ரொத்தே பா!"

அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்றால் என் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். விளங்கியது. தேய்க்காதே என்றாள். ஃப்ரொத்தே என்பது இந்த நாட்டில் நான் வேலைக்குப் போய் முதலில் படித்த சொல். இருபது வருடமாக ஒவ்வொரு விடியலிலும் எனக்குச் சொல்லப்பட்ட சொல். தரையைத் தேய், கறையைத் தேய், இன்னும் அழுத்தித் தேய். இப்போது இவள் வந்து தேய்க்காதே என்கிறாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உனக்கென்னடி தெரியும்? மயிர்க்கொட்டியோடை வளந்தவள் நான். உன்ரை வேலையைப் பாத்துக்கொண்டு போ!" என்று தமிழில் கத்தினேன். அவள் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். தண்ணீர் படக்கூடாது என்று அதைத் தட்டிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. இரண்டு எட்டு பின்னால் வைத்து, பிறகு ஓடிப்போய்விட்டாள். நான் மறுபடியும் தேய்த்தேன்.

நாக்கு என் விரல்களுக்குள் வீங்கியது. அதை நான் உணர்ந்தேன். முதலில் சிவப்பு, பிறகு நாவற்பழ நிறம். பற்களுக்குள் அடங்காமல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கையை எடுத்தேன். இது முருங்கை மரத்து மயிர்க்கொட்டி இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கண் முன்னால் நின்ற நாய் தெரியவில்லை, அந்த யன்னல்தான் தெரிந்தது. திறந்த யன்னலும் கீழே பார்த்துக்கொண்டிருக்கும் மனுசனும்.

விழுந்த போனைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பதினான்கு கிலோவை இரு கைகளிலும் தூக்கினேன். அது என் தோளில் மூச்சை இழுத்து இழுத்து விட்டது. பூங்கா வாசலில் பஸ் ஒன்று புறப்பட இருந்தது. சாரதி நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். பஸ்ஸில் இருந்து மகளுக்கு அழைத்தேன். என் அழுகையைக் கேட்டதும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அவள் பதறிப்போனாள்.

"நாயடி! மயிர்க்கொட்டி நாக்கிலை! நாக்குக் கறுக்குது!"

அவளுக்கு மயிர்க்கொட்டி என்ற சொல் தெரியாது. நான் விளக்கினேன். உடனே பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். இது ஆபத்தானது, நாக்கே அழுகி விழுந்துவிடும், நாய் சாகவும் கூடும், மிருக வைத்தியரிடம் உடனே போ என்றாள். போனிலேயே தேடி, மூன்றாவது தரிப்பில் இறங்கு, வலது பக்கம் பச்சைக் கதவு என்று வழி சொன்னாள். அவளும் அழுதாள்.

வைத்தியர் ஒரு இளம் பெண். நாயை மேசையில் கிடத்தியதும் கையுறை போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். இதயத் துடிப்பைக் கேட்டார், ஊசி ஒன்று போட்டார், தண்ணீர்க் குழாயை எடுத்து நாக்கைக் கழுவத் தொடங்கினார். தண்ணீர்! படவே கூடாது என்று அம்மா சொன்ன அதே தண்ணீர். கழுவிக்கொண்டே பிரெஞ்சில் கேட்டார்.

"எவ்வளவு நேரமாகிறது?"

"முக்கால் மணித்தியாலம்."

"இந்த வெள்ளைத் தூள் என்ன?"

"மண்" என்றேன்.

"நாக்கைத் தேய்த்தீர்களா?"

அந்தச் சொல்லை அவர் வாயிலும் கேட்டேன். "நோன்" என்றேன். கைகளை மேலங்கிப் பைகளுக்குள் விட்டுக்கொண்டேன். விரல்கள் அதற்குள் நெருப்பாக எரியத் தொடங்கியிருந்தன.

"நல்லது" என்றார் அவர். "தேய்த்தால் ஒவ்வொரு மயிரும் உடைந்து நஞ்சு வெளியே வரும். தொண்டைக்குள்ளும் போயிருக்கும். அப்படியென்றால் மயக்கி உள்ளே பார்த்துக் கழுவவேண்டும். இதன் இதயத்துக்கு மயக்க மருந்து நல்லதில்லை. தேய்க்கவில்லை என்றால் அந்த ஆபத்து வேண்டாம்."

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு அப்படியே நின்றேன். உண்மையைச் சொன்னால் மயக்கத்தில் செத்துவிடலாம். சொல்லாவிட்டால் தொண்டை அடைத்துச் செத்துவிடலாம். எப்படிச் செத்தாலும் கொன்றது நான்.

அப்போது வெளிக்கதவு திறந்தது. ஊன்றுகோல் சத்தம் கேட்டது. என் மனுசன். மகள் அவருக்கும் சொல்லியிருக்கிறாள். நாலு மாடியை எப்படி இறங்கினார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. காற்சட்டையின் பின்பக்கம் முழுக்கப் படித்தூசி. ஒவ்வொரு படியாக இருந்து இருந்து இறங்கி, டாக்சி பிடித்து வந்திருக்கிறார். மேசையடிக்குப் போய் நாயின் தலையில் கையை வைத்தார். நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார்.

"திருநீறெல்லாம் பூசியிருக்கிறீர்" என்றார். பிறகு வைத்தியரைப் பார்த்து, தன்னுடைய குசினிப் பிரெஞ்சில் சொன்னார்: "என் மனைவி மிகவும் கவனமான ஆள். அவருக்கு நாயென்றால் பயம். என்றாலும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அந்தப் பொய்யை விழுங்கியிருப்பேன். உண்மையைத்தான் சொல்கிறேன். அந்தக் 'கவனமான ஆள்' என்ற சொல்தான் என்னைக் கொன்றது.

பைகளிலிருந்து கைகளை எடுத்தேன். பத்து விரல்களும் கொப்புளமும் சிவப்புமாக வீங்கியிருந்தன. அவற்றை மேசைக்கு மேலே நீட்டினேன்.

"நான் தேய்த்தேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். "சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நிறையத் தேய்த்தேன். தேய்க்காதே என்று ஒருத்தி சொன்னாள். கேட்கவில்லை."

வைத்தியர் என்னைத் திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரமில்லை. உதவியாளரைக் கூப்பிட்டார், ஊசி மருந்தை எடுத்தார், எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். நாயை உள் அறைக்குள் தூக்கிப்போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் இரண்டு கதிரை தள்ளி அவர் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கால் நேரே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே வெள்ளைச் சுவர். அவர் அதைப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு முன்னால் வீட்டுக் கதிரையில் இருந்து பார்த்த அதே பார்வை. பத்து நிமிடம், இருபது நிமிடம். அவர் கண்வெட்டியதாகத் தெரியவில்லை. உள்ளே நாய்க்கு என்ன நடக்கிறது என்பதைவிட எனக்கு இந்தப் பார்வைதான் பயமாக இருந்தது. ஏதாவது சொல்லுங்கோ, என்னை அடியுங்கோ என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

அரை மணித்தியாலம் கழிந்திருக்கும். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏன் தேய்ச்சனீர்?"

"மயிர்க்கொட்டி எண்டால் சாம்பல் போட்டுத் தேய்க்கிறதுதானே. அம்மா அப்பிடித்தானே செய்யிறவ."

அவர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்தார்.

"எங்கடை வீட்டையும் அப்பிடித்தான்" என்றார் கடைசியில். "நான் நிண்டிருந்தாலும் தேய்ச்சுத்தான் இருப்பன்."

அது உண்மையோ, என்னைத் தேற்றச் சொன்னதோ, இன்றுவரை நான் கேட்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றி எழும்பி என் பக்கத்துக் கதிரைக்கு மாறினார். "கையைக் காட்டும்" என்றார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வரவேற்பில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கத்தினார்: "மடாம், இஞ்சையும் ஒருக்காப் பாருங்கோ!" தமிழில் கத்தினார் என்பது அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் என் கையைக் கண்டதும் விளங்கிக்கொண்டு, தண்ணீரும் மருந்தும் எடுத்து வந்தாள். நான் அப்போதுதான் அழுதேன்.

நாய் சாகவில்லை. தொண்டைக்குள்ளும் வீங்கித்தான் இருந்ததாம், தேய்த்ததை நான் சொன்னது நல்லதாய்ப் போய்விட்டது என்றார் வைத்தியர். ஐந்து நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். நாக்கின் முன்பக்கம் கறுத்துப்போய், மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. பட்ட உடனேயே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று மகள் எங்கோ வாசித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீ என்ன செய்வாய் அம்மா என்று அவசரமாகச் சேர்த்தாள். அந்தப் பெண் நீட்டிய போத்தல் என் கண் முன்னால் வந்தது.

இப்போது என் மனுசனின் முழங்கால் சரி. பழையபடி மூன்று தரம் இறங்கி ஏறுகிறார். யன்னலில் இரண்டு செடி வைத்திருக்கிறார். தை மாதம் பிறந்தால், மயிர்க்கொட்டி இறங்கும் காலம் என்று, பைன் மரம் நிற்கும் பக்கமே போவதில்லை. போனாலும் முதலில் அண்ணாந்து கிளைகளில் வெள்ளைப் பஞ்சுபோல் கூடு தொங்குகிறதா என்று பார்ப்பார். சில நாட்களில் நானும் கூடப் போகிறேன். என் பையில் இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். பலகைகளை எல்லாம் நின்று, எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறேன். லா ஷப்பேலில் யாரைக் கண்டாலும் பைன் மரத்து மயிர்க்கொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தேய்க்காதையுங்கோ, கழுவுங்கோ என்கிறேன். "எங்களிட்டை நாய் எங்கையக்கா கிடக்கு?" என்று சிரிக்கிறார்கள். வெண்டிக்காய்க் கடைக்காரரும் சிரிக்கிறார்.

நாய் அவரிடம் எப்போதும்போல்தான் இருக்கிறது. மகள் வந்தால் மடியில் ஏறுகிறது. என் குரல் கேட்டால் வாலைக்கூட ஆட்டும். ஆனால் என் கை கிட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்து, மேசைக்கடியில் போய்விடும். ஒரு வருடமாகிறது. "விடும், மறந்திடுவான்" என்கிறார் இவர். அது மறக்கவில்லை. நாய்க்குப் பயந்த எனக்கு இப்போது அந்தப் பயம் போய்விட்டது. அதற்குத்தான் என்னைக் கண்டால் பயம்.

அதற்குத் தண்ணீர் வைப்பது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். கோப்பையை நிரப்பி ஹோலில் வைப்பேன். நான் நின்றால் வராது. அதனால் குசினிக்குள் போய், கதவை முக்கால்வாசி சாத்திக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் நகச் சத்தம் கேட்கும். பிறகு குடிக்கும் சத்தம். நாக்கு நீளம் போதாது, பாதித் தண்ணீர் வெளியே சிந்தும், மற்ற நாய் ஒரு நிமிடத்தில் குடிப்பதை அது ஐந்து நிமிடம் குடிக்கும். "தம்பி, ஆறுதலாக் குடியப்பு" என்று அதற்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு, அது குடித்து முடியும்வரை கதவுக்குப் பின்னால் அசையாமல் நிற்பேன்.